தீவனத்தில் ட்ரைபியூட்ரின்: ஆய்வுகள் சொல்வது என்ன? உங்கள் பண்ணைக்கு அது தேவையா?

கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. அதனால்தான் தீவனத்தில் சேர்க்கும் எந்தப் புதுப்பொருளும் பண்ணையாளர்களின் கவனத்தை உடனே ஈர்க்கிறது. சில ஆண்டுகளாகத் தீவன மருந்துக் கடைகளிலும் விற்பனைப் பிரதிநிதிகளின் பேச்சிலும் அடிபடும் ஒரு பெயர் ‘ட்ரைபியூட்ரின்’. “குடலைப் பலப்படுத்தும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது, எடை கூடும்” என்று சொல்லி இதை விற்கிறார்கள். கோழி வளர்ப்பவர்கள் மட்டுமின்றி, கன்று வளர்ப்பவர்களும் ஆடு வளர்ப்பவர்களும்கூட “இதை வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள்.

இந்தப் பொருள் எப்படி உருவானது, ஆய்வுக்கூடங்களில் எதற்குப் பயன்படுகிறது, ஆய்வுகளில் கிடைத்த முடிவுகள் என்ன, யாருக்கு இது பயன்படும், யாருக்கு வீண்செலவு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.

ட்ரைபியூட்ரின் என்றால் என்ன?

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாமே வேதியியல் பார்வையில் ஒரே குடும்பம்தான். இவற்றை ட்ரைகிளிசரைடு என்கிறோம். கிளிசரால் என்னும் ஒரு முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோர்க்கப்பட்டிருப்பதே ட்ரைகிளிசரைடு. மூன்று பல் உள்ள முள்கரண்டியைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று பற்களும் எந்தக் கொழுப்பு அமிலம் என்பதைப் பொறுத்து எண்ணெயின் குணம் மாறும்.

மூன்று இடத்திலும் பியூட்ரிக் அமிலம் மட்டுமே இருந்தால் அதுதான் ட்ரைபியூட்ரின். பியூட்ரிக் அமிலம் வெண்ணெயில் இருக்கும் சிறிய கொழுப்பு அமிலம். காறிப்போன வெண்ணெயில் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறதே, அதற்கு இதுதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரெல் இதை வெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். வெண்ணெயைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்தே ‘பியூட்ரிக்’ என்ற பெயரும் வந்தது. பின்னர் 1854-இல் மார்செலின் பெர்த்தலோ என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர், கிளிசராலையும் கொழுப்பு அமிலங்களையும் சேர்த்துக் கொழுப்பை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்க முடியும் என்று விளக்கமாக நிறுவினார். இன்று தொழிற்சாலையில் தயாராகும் ட்ரைபியூட்ரினும் இதே அடிப்படையில்தான் தயாரிக்கப்படுகிறது.

இது நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். கசப்புச் சுவை உடையது. தண்ணீரில் கரையாது. எடையில் சுமார் 87 சதவீதம் பியூட்ரிக் அமிலமாகப் பிரிந்து கிடைக்கும். இந்த 87 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலைக் கணக்குப் போடும்போது இது தேவைப்படும்.

பியூட்ரிக் அமிலத்தை நேரடியாகக் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, அதன் வாடை. தீவனக் கலவை இயந்திரத்தில் அதை ஊற்றினால் வேலையாள் நிற்க முடியாது. ஆவியாகும் தன்மை இருப்பதால் சேமிப்பிலேயே ஓரளவு வீணாகும்.

இரண்டாவது, கோழி அதை விழுங்கியதும் இரைப்பை, முன்குடல் பகுதியிலேயே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். குடலின் உட்பகுதிக்கு, அதாவது நமக்குத் தேவையான இடத்துக்கு, மிகக் குறைவாகவே போய்ச் சேரும்.

இதற்குத் தீர்வாக மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. சோடியம் பியூட்ரேட் என்ற உப்பாக மாற்றுவது ஒரு வழி. அந்த உப்பின் மேல் கொழுப்புப் பூச்சு கொடுப்பது இரண்டாவது வழி. பியூட்ரிக் அமிலத்தைக் கிளிசராலுடன் கோர்த்து ட்ரைபியூட்ரினாக மாற்றுவது மூன்றாவது வழி. ட்ரைபியூட்ரின் சிறுகுடலை அடைந்ததும், கணையத்தில் சுரக்கும் லிப்பேஸ் என்னும் கொழுப்புச் செரிமான நொதி அதை உடைக்கிறது. அப்போது பியூட்ரிக் அமிலம் குடலுக்குள்ளேயே விடுபடுகிறது.

இதில் ஒரு வரம்பும் உண்டு. ட்ரைபியூட்ரினில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடைந்து உறிஞ்சப்படும். குடலின் கடைசியில் உள்ள குருட்டுக்குடல் வரை அதிகம் போகாது. “குடல் முழுவதும் வேலை செய்யும்” என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

குடலுக்கு இது ஏன் முக்கியம்?

உயிரினங்களின் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், செரிக்காத நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் புளிக்கவைத்துத் தாமாகவே பியூட்ரிக் அமிலத்தை உருவாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவரில் உள்ள செல்கள் தமக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியை இதிலிருந்துதான் பெறுகின்றன. ரோடிகர் என்ற ஆய்வாளர் மனிதப் பெருங்குடல் செல்களைக் கொண்டு 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது. அன்றிலிருந்து பியூட்ரிக் அமிலம் பற்றிய ஆய்வுகள் பெருகின.

குடலின் உட்சுவரில் வெல்வெட் துணியின் இழைகளைப் போல நுண்ணிய குடலுறிஞ்சிகள் உள்ளன. இவை நீளமாகவும் சேதமின்றியும் இருந்தால் சத்து நன்றாக உறிஞ்சப்படும். இரத்தக்கழிச்சல், குடல் அழற்சி போன்ற நோய்களில் இவை சிதைகின்றன. சிதைந்த இடத்தைச் சரிசெய்யும் வேலைக்குப் பியூட்ரிக் அமிலம் துணைபுரிகிறது.

ஆய்வுக்கூடங்களில் ட்ரைபியூட்ரினின் பயன்பாடுகள்

1. பால் கெடுக்கும் கிருமிகளைக் கண்டறிதல்: கிருமி வளர்க்கும் ஊடகத்தில் ட்ரைபியூட்ரினைக் கலந்து தட்டில் ஊற்றினால் அது பால் போல மங்கலாகத் தெரியும். அதில் பால் மாதிரியைப் பரப்பி வைப்பார்கள். கொழுப்பை உடைக்கும் கிருமி அதில் இருந்தால், அது வளரும் இடத்தைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றும். பால் உற்பத்தியாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குளிரிலும் பெருகும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் சுரக்கும் லிப்பேஸ் நொதி, பாலைப் பதப்படுத்தும் சூட்டிலும் முழுவதும் அழியாது. கிருமி செத்தாலும் நொதி பிழைத்திருந்து வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் காறவைக்கும். குளிர்விப்பான் தொட்டியில் பாலை வைத்துவிட்டாலே போதும் என்று இருக்காமல், மடியையும் பாத்திரத்தையும் சுத்தமாக வைக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

2. நொதியின் வீரியத்தை அளத்தல்: லிப்பேஸ் நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளக்க ட்ரைபியூட்ரின் ஒரு அளவுகோலாகப் பயன்படுகிறது. மண், சாக்கடை, எண்ணெய் ஆலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து கொழுப்பைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைத் தேடிப் பிடிப்பதற்கும் இதே தட்டுமுறைதான் உதவுகிறது.

3. மருத்துவ ஆய்வு: எலிகளிலும், செல் வளர்ப்பிலும் பியூட்ரிக் அமிலத்தின் விளைவை அறிய இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் புற்றுநோயாளிகளிடம் முதற்கட்டச் சோதனையும் நடந்து, 1998-இல் அதன் முடிவு வெளியானது. ஆனால் இது புற்றுநோய்க்கான மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. தீவனத்துக்கு வாங்கியதை “குடலுக்கு நல்லது” என்று வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

4. தீவன ஆய்வு: கறிக்கோழி, பன்றிக்குட்டி, கன்று, மீன், இறால் ஆகியவற்றின் தீவனங்களில் இது சோதிக்கப்படுகிறது. நமக்கு முக்கியமானது இதுவே.

ஆய்வுகள் ஏன் திடீரெனப் பெருகின?

தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் சேர்த்தால் கோழி வேகமாக எடை போடும் என்பது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். இதனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகி, மனிதர்களுக்கு வரும் நோய்களிலும் மருந்து வேலை செய்யாமல் போகிறது. சுவீடன் 1986-இல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. இந்தியாவில், மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

ஆன்டிபயாடிக்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? இந்தக் கேள்விக்குத்தான் கரிம அமிலங்கள், புரோபயாடிக், மூலிகைச் சாறுகள், ட்ரைபியூட்ரின் என்று பலவும் ஆராயப்படுகின்றன. பியூட்ரிக் அமிலம் செரிமானத்தில் ஆற்றலாகவே எரிந்துவிடுவதால், ஆன்டிபயாடிக் போல இறைச்சியிலும் முட்டையிலும் எச்சம் பற்றிய கவலை இல்லை. உணவுக்கு மணமூட்டும் பொருளாக ட்ரைபியூட்ரினை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாதுகாப்பானது என்று ஏற்றுள்ளது.

கோழிகளில் கிடைத்த முடிவுகள்

கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதில் கறிக்கோழித் தீவனத்தில் பியூட்ரிக் அமிலத்தின் கிளிசரைடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவைக் கவனமாகப் படியுங்கள். கோழிகளின் எடை கூடுவதில் பெரிய வேறுபாடு இல்லை. 0.4 சதவீத அளவில் கொடுத்தபோது குஞ்சுப் பருவத்தில் தீவனம் எடுப்பது குறைந்தது. ஆனால் 0.2 சதவீதம் பெற்ற கோழிகள், இரத்தக்கழிச்சல் கிருமியின் தாக்குதலுக்குப் பிறகு, பெறாத கோழிகளைவிட நன்றாக வளர்ந்தன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் கிடைக்காது. தீவனம் எடுப்பது குறைந்து நட்டம்கூட வரலாம். இரண்டு, ஏற்கெனவே நலமாக இருக்கும் கோழியைவிட, குடல் பாதிப்பு வரும் சூழலில் இருக்கும் கோழிக்குத்தான் இதன் பலன் தெரியும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், பூச்சு கொடுக்கப்பட்ட பியூட்ரிக் அமிலம் கோழியின் குருட்டுக்குடலில் சால்மோனெல்லா கிருமி குடியேறுவதைக் குறைத்தது. இங்கே ‘பூச்சு கொடுக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ட்ரைபியூட்ரின் அல்ல. ஒரு வடிவத்தில் கிடைத்த முடிவை வேறொரு வடிவத்துக்கு அப்படியே பொருத்திச் சொல்வது விளம்பரங்களில் சாதாரணமாக நடக்கிறது. துண்டுப்பிரசுரத்தில் ஆய்வு முடிவு என்று போட்டிருந்தால், “ஆய்வு செய்தது இதே பொருளிலா?” என்று கேளுங்கள்.

கன்றுக்கு வேண்டுமா?

கன்றின் பெருவயிற்றுச் சுவரில் விரல் போன்ற நீட்சிகள் வளர்ந்தால்தான் அது புல்லையும் தீவனத்தையும் செரித்து வளரும். இந்த நீட்சிகளை வளரச் செய்வதில் பியூட்ரிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959-லேயே காட்டினார்கள்.

அப்படியானால் கன்றுக்கு ட்ரைபியூட்ரின் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. காரணங்கள் இவை:

* கன்று குடிக்கும் பால், பெருவயிற்றுக்குப் போகாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். பாலில் கலந்து கொடுக்கும் ட்ரைபியூட்ரினும் அப்படியே. பெருவயிற்று நீட்சிகளுக்கு அது நேரடியாகப் போய்ச் சேராது.

* தாய்ப்பாலிலேயே பியூட்ரிக் அமிலம் இருக்கிறது. பசும்பால் கொழுப்பில் எடையளவில் 3 முதல் 4 சதவீதம் இதுதான். 4 சதவீதக் கொழுப்புள்ள 3 லிட்டர் பால் குடிக்கும் கன்றுக்குச் சுமார் 120 கிராம் கொழுப்பும், அதில் ஏறக்குறைய 4 கிராம் பியூட்ரிக் அமிலமும் கிடைக்கின்றன. அதைப் பிரித்தெடுக்கும் நொதியும் கன்றின் உமிழ்நீரிலேயே இருக்கிறது.

* பெருவயிறு வளர வேண்டுமானால் அங்கேயே பியூட்ரிக் அமிலம் உருவாக வேண்டும். அதற்கு மக்காச்சோளம் போன்ற தானியங்கள் கலந்த கன்றுத் தீவனத்தைச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும். பால் மட்டும், பாலும் வைக்கோலும், பாலும் தானியத் தீவனமும் என்று மூன்று வகையில் வளர்த்த கன்றுகளின் பெருவயிற்றைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் படம் எடுத்து வெளியிட்டுள்ளது. தானியத் தீவனம் தின்ற கன்றுக்குத்தான் நீட்சிகள் நன்றாக வளர்ந்திருந்தன.

ஆகவே பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு போதுமான பால், இரண்டாம் வாரத்திலிருந்து கைப்பிடி கன்றுத் தீவனம், எப்போதும் சுத்தமான தண்ணீர் என்ற முறையைக் கடைப்பிடியுங்கள். கன்றின் பாலைக் குறைத்து விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் தீவன மருந்து வாங்குவது கன்றுக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம். தாவரக் கொழுப்பு சேர்த்த மாற்றுப்பால் மாவில் பியூட்ரிக் அமிலம் இருக்காது. அதை மட்டும் நம்பிக் கன்று வளர்க்கும் பெரிய பண்ணைகளில்தான் இதுபோன்ற சேர்மானத்துக்கு இடம் உண்டு.

கறவை மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம்

வளர்ந்த மாட்டின் பெருவயிறு நாள்தோறும் ஏராளமான பியூட்ரிக் அமிலத்தைத் தானே தயாரிக்கிறது. அங்கு உருவாகும் அமிலங்களில் 10 முதல் 15 சதவீதம் இதுதான். நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

மாறாக, கன்று ஈன்ற புதிதில் பியூட்ரிக் அமிலம் அதிகமானால் அது கீட்டோன் பொருளாக மாறி, ஏற்கெனவே சத்துக் குறைவில் இருக்கும் மாட்டுக்குக் கீட்டோசிஸ் வர வழிவகுக்கும். ஊறுகாய்ப்புல் எனப்படும் சைலேஜ் தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழியைச் சரியாக மிதித்துக் காற்றை வெளியேற்றாமலோ, ஈரம் அதிகமாக இருக்கும்போதோ மூடினால் கெட்ட கிருமிகள் வளர்ந்து பியூட்ரிக் அமிலத்தை உருவாக்கும். நல்ல சைலேஜில் புளித்த பழ வாடை வரும். காறிய வெண்ணெய் வாடை வந்தால் அது கெட்டுவிட்டது என்று பொருள். அதை ஈன்ற மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

தேங்காய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் ட்ரைகிளிசரைடுகளில் நம்மூர்த் தென்னை விவசாயிகளுக்கு நேரடித் தொடர்புள்ளது எம்.சி.டி. எண்ணெய். தேங்காய் எண்ணெய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இரண்டு அமிலங்களைத் தனியே பிரித்து, மீண்டும் கிளிசராலுடன் கோர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் இவ்விரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதத்துக்குள்தான் இருக்கும். பாதியளவுக்கு இருப்பது லாரிக் அமிலம். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளின் உணவிலும், வைட்டமின் கரைக்கும் எண்ணெயாகவும் எம்.சி.டி. பயன்படுகிறது. லாரிக் அமிலத்தின் கிளிசரைடுகளும் தீவனச் சேர்மானமாக விற்கப்படுகின்றன. இவை ட்ரைபியூட்ரினிலிருந்து வேறுபட்டவை. பெயரில் ‘கிளிசரைடு’ என்று இருப்பதால் எல்லாம் ஒன்று என எண்ணி வாங்கக் கூடாது.

யாருக்குப் பயன்படும்?

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்கள்: தீவனம் நிறுவனத்திலிருந்து வருகிறது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்களாக எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே அதில் இருந்தால் இரட்டை அளவாகிவிடும், ஒப்பந்த மீறலாகவும் ஆகலாம். நிறுவன மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தீவனம் அரைக்கும் கறிக்கோழி, முட்டைக்கோழிப் பண்ணையாளர்கள்: இரத்தக்கழிச்சல் தடுப்பூசி போட்ட தொகுதிகளிலும், ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் மாற்றுக் காலத்திலும் கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் சோதித்துப் பார்க்கலாம்.

மேய்ச்சலில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள்: தேவையில்லை. அந்தப் பணத்தை வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் செலவிடுங்கள்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

மூட்டையின் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே எவ்வளவு பியூட்ரிக் அமிலம் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

* முதல் பொருள்: 50 சதவீத ட்ரைபியூட்ரின் தூள், கிலோ 450 ரூபாய். ஒரு கிலோவில் 500 கிராம் ட்ரைபியூட்ரின். அதில் 87 சதவீதம், அதாவது 435 கிராம் பியூட்ரிக் அமிலம். ஒரு கிலோ பியூட்ரிக் அமிலத்தின் விலை சுமார் 1,034 ரூபாய்.

* இரண்டாம் பொருள்: 30 சதவீதப் பூச்சு சோடியம் பியூட்ரேட், கிலோ 250 ரூபாய். ஒரு கிலோவில் 300 கிராம் உப்பு. அதில் 80 சதவீதம், அதாவது 240 கிராம் பியூட்ரிக் அமிலம். ஒரு கிலோவின் விலை சுமார் 1,042 ரூபாய்.

பார்வைக்கு 250 ரூபாய்ப் பொருள் மலிவு. கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

போட்ட பணம் திரும்புமா?

1,000 கறிக்கோழிகள், சராசரி 2 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 கிலோ உயிர் எடை. ஒரு கிலோ எடைக்கு 1.70 கிலோ தீவனம் என்றால் 3,400 கிலோ தீவனம் செலவாகும். தீவன விலை கிலோ 38 ரூபாய் எனவும், மேலே சொன்ன முதல் பொருளை டன்னுக்கு 1 கிலோ சேர்ப்பதாகவும் கொள்வோம்.

* தீவன மாற்று விகிதம் 1.70-லிருந்து 1.68 ஆனால் 40 கிலோ தீவனம் மிச்சம், மதிப்பு 1,520 ரூபாய். சேர்மானச் செலவு சுமார் 1,510 ரூபாய். இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

* 1.66 ஆனால் 80 கிலோ மிச்சம், மதிப்பு 3,040 ரூபாய். செலவு போக மிஞ்சுவது சுமார் 1,500 ரூபாய்.

* விகிதம் மாறாமல் 1.70-லேயே இருந்தால் 1,530 ரூபாய் கைநட்டம்.

கூளம் ஈரமாகி நான்கைந்து கோழிகள் செத்தாலே இந்த இலாபத்தின் பெரும்பகுதி போய்விடும். அதனால் முதலில் கூளத்தைக் கவனியுங்கள். கூளத்தைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாகத் திரளக் கூடாது, திறந்ததும் உதிர வேண்டும். நிப்பிள் கசிவை அன்றன்றே சரிசெய்யுங்கள். காற்றோட்டம், தண்ணீர்ச் சுத்தம், கொட்டகைக்கு இடைவெளி விடுதல் ஆகியவை சரியாக இல்லாத பண்ணையில் எந்தச் சேர்மானமும் கைகொடுக்காது.

உங்கள் பண்ணையிலேயே சோதித்துப் பாருங்கள்

1. ஒரே நாளில் வந்த, ஒரே இனக் குஞ்சுகளை இரண்டு சம பிரிவாகத் தடுப்பு வைத்துப் பிரியுங்கள்.

2. ஒரு பிரிவுக்கு ட்ரைபியூட்ரின் சேர்த்த தீவனம், மற்றதற்குச் சேர்க்காத அதே தீவனம். வேறு எதையும் மாற்றாதீர்கள்.

3. இரண்டு பிரிவுக்கும் கொடுத்த தீவனம், இறப்பு, விற்பனை எடை ஆகியவற்றைத் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள்.

4. அடுத்த தொகுதியில் பிரிவுகளை இடம் மாற்றுங்கள். கொட்டகையின் ஒரு பக்கம் காற்று நன்றாக வருவதால் ஏற்படும் வேறுபாட்டை மருந்தின் பலன் என்று எண்ணிவிடாமல் இருக்க இது உதவும்.

5. குறைந்தது மூன்று தொகுதிகள் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒரு தொகுதியில் வந்த பலன் தற்செயலாகவும் இருக்கலாம்.

வாங்கும்போதும் கலக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

* ‘ட்ரைபியூட்ரின் எத்தனை சதவீதம்’ என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். ‘பியூட்ரிக் கிளிசரைடுகள்’ என்று மட்டும் இருந்தால் அது ஒற்றை, இரட்டை, மூன்று கோர்ப்புகள் கலந்த பொருள். சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

* தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, பகுப்பாய்வுச் சான்று ஆகியவற்றைச் சரிபாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

* நல்ல ட்ரைபியூட்ரினில் வாடை மிகக் குறைவு. பையைத் திறந்ததும் காறிய வெண்ணெய் வாடை தூக்கலாக அடித்தால், பொருள் ஈரம் பட்டு உடைந்திருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

* லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். டன் கணக்கிலான தீவனத்தில் 1 கிலோ தூளை நேரடியாகக் கொட்டினால் சீராகப் பரவாது. முதலில் 10 கிலோ தவிட்டில் கலந்து, அதை 50 கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு முழுத் தீவனத்தில் சேருங்கள்.

* இது தண்ணீரில் கரையாது. தண்ணீரில் கலக்கத்தக்கது என்று குறிப்பிடாத பொருளைக் குடிநீரில் ஊற்றினால் மேலும் கீழும் பிரிந்து நின்று குழாயை அடைக்கும்.

* வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

* இது மருந்து அல்ல. கோழிகளில் கழிச்சலோ இறப்போ தென்பட்டால் இதன் அளவைக் கூட்டிப் பார்க்காமல், உடனே இறந்த கோழியைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ட்ரைபியூட்ரின் போலிப் பொருள் அல்ல. அதற்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. ஆனால் சுத்தமான கொட்டகை, தரமான தீவனம், சரியான தடுப்பூசி இருக்கும் பண்ணையில் அது தரும் கூடுதல் பலன் சிறிது. அந்தச் சிறிது உங்கள் பண்ணையில் காசாக மாறுகிறதா என்பதை உங்கள் நோட்டுக் கணக்குதான் சொல்லும். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தையோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது லேபிளையும் உங்கள் தீவனக் கலவை விவரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.